வேலியில் விளையும் பசளை

மாரி தொடங்குவதற்கு முன்னர் யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றின் ஒழுங்கை வழியே நடந்து செல்வோர் ஒரு காட்சியைக் காணத் தவறார். வேலிக் கதியால்கள் வெட்டப்பட்டு, குழையும் கொப்புமாக ஒழுங்கை ஓரத்திற் குவிக்கப்பட்டிருக்கும். இரண்டு நாட் கழித்து அவ்வழியே சென்றால் அக்குவியல் வாடிக் கிடக்கும். மூன்றாம் நாள் அது புகையாகிவிடும். குழையை எரித்த அதே வீட்டுக்காரர் அன்று மாலையே சைக்கிளில் ஐந்து கிலோ யூரியாவை வைத்துக்கொண்டு கடையிலிருந்து திரும்புவதையும் நாம் கண்டிருக்கின்றோம். எரிந்து போனதும் கடையில் வாங்கியதும் பெரும்பாலும் ஒரே பொருளே என்று அவரிடம் கூறினால் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். ஆயினும் அதுவே உண்மை.

தமிழ் வேளாண் நூல்கள் நைதரசன் என்னும் மூலகத்துக்குத் தழைச்சத்து என்று பெயரிட்டிருக்கின்றன. பொசுபரசு மணிச்சத்து, பொற்றாசியம் சாம்பற் சத்து. இப்பெயர்களை இட்டவர் யாராயினும் அவர் தோட்டத்தை நன்கு அறிந்தவராகவே இருத்தல் வேண்டும். பயிரின் தழையை வளர்ப்பது எதுவோ அது தழையிலேயே இருக்கின்றது. அதனைத் தீயிலிட்டால் தழைச்சத்துக் காற்றோடு போய்விடும். சாம்பற் சத்துப் போன்றவையே நிலத்தில் எஞ்சும்.

இலையையும் தழையையும் மண்ணுக்கு உணவாக இடும் வழக்கம் நமக்குப் புதியதன்று. வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களிலே, உரும்பிராய், கோப்பாய், நீர்வேலி, இணுவில், சுன்னாகம் முதலிய ஊர்களிலே, புகையிலைச் செய்கை பெருமையாக நடந்த காலத்தில், குழை தாழ்த்தல் என்பது உழவுக்கு அடுத்தபடியான ஒரு பெருவேலை. பூவரசங்குழை, பாவட்டை, ஆடாதோடை, எருக்கலை, வேப்பங்குழை, காவிளாய் எனக் கைக்கு எட்டியது எதையும் தோட்டக்காரர் விட்டு வைத்தாரல்லர். தமது வேலியிலும் அயலிலும் உள்ள குழை போதாதபோது வன்னிக் காட்டிலிருந்து வண்டியேற்றிக் கொணர்வித்தனர். மாட்டெரு இட்டனர், ஆட்டுப்பட்டி அடைத்தனர். ஆண்டுதோறும் வேலி அடைக்கும்போது கழிக்கப்பட்ட பழைய பனையோலையும், வீடு வேயும்போது இறக்கப்பட்ட கூரையோலையும் வீணாகவில்லை. மழையிலும் வெயிலிலும் இற்றுப்போன அவ்வோலைகள் தறிக்கப்பட்டுத் தோட்டத்துச் சாலுக்குள்ளே போயின. பனை மரம் ஓராண்டு வீட்டுக்கு நிழலாய் நின்றபின் அடுத்த ஆண்டு பயிருக்கு எருவாயிற்று.

ஏன் இத்துணைப் பாடு? காரணம் அம்மண்ணிலேயே இருக்கின்றது. யாழ்ப்பாணத்துச் செம்மண் பார்வைக்கு வளமானது; நீரை எளிதில் உட்கொள்ளும்; கால் புதையாது; மண்வெட்டிக்கு இணங்கும். ஆனால் அதன்கண் உள்ள சேதனப் பொருள் மிகக் குறைவு. வெப்பம் மிகுந்த நாட்டிலே மண்ணிற் கலந்த இலை தழைகள் குளிர்நாட்டில் இருப்பதுபோற் பல்லாண்டு தங்கியிருப்பதில்லை. நுண்ணுயிர்கள் அவற்றை விரைந்து தின்று தீர்த்துவிடுகின்றன. ஆகவே நமது மண்ணுக்கு ஒரு முறை இட்டோம் என்று இருந்துவிடல் இயலாது. ஆண்டுதோறும் இட வேண்டும். இடாத ஆண்டில் மண் இறுகும், நீர் தங்காது, இட்ட யூரியாவும் வேருக்கு எட்டுமுன் கீழே போய்விடும்.

அது கீழே எங்கே போகின்றது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

இலைகளை நாம் இரு வகையாகப் பிரித்து அறிதல் நன்று. ஒரு வகை, ஓரிடத்துச் சத்தை மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்வது. பூவரசு இவ்வகையைச் சேர்ந்தது. அதன் வேர் ஆழத்திற் சென்று அங்குள்ளவற்றை உறிஞ்சி இலையாக்குகின்றது; அவ்விலையை நாம் வெட்டிக் கத்தரிப் பாத்தியில் இடும்போது, நிலத்தின் அடியிற் கிடந்த பொருள் மேலே வந்து சேருகின்றது. வன்னிக் குழையும் அவ்வாறே. காட்டின் வளம் தோட்டத்துக்கு வந்தது. தோட்டம் பெற்றதைக் காடு இழந்தது என்பதையும் மறத்தலாகாது. முருங்கையும் இவ்வகையினதே. அதன் காயைக் கண்டு அதனை அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததென மாணவர் சிலர் எழுதுவதுண்டு, அது தவறு.

மற்ற வகை, இல்லாத சத்தைப் புதிதாக உண்டாக்குவது. அவரைக் குடும்பத்துச் செடிகளும் மரங்களும் இத்தகையன. சணல், காவிளாய், தைஞ்சா, பயறு, கௌபி, அகத்தி, முள்முருக்கு, இப்பிலிப்பில், நமது வேலிகளிலே இன்று நிறைந்து நிற்கும் கிளிசரியா ஆகியவை அனைத்தும் அக்குடும்பத்தினவே. காவிளாயைத் தமிழகத்தார் கொழுஞ்சி என்பர். கிளிசரியாவைச் சீமைக்கிளுவை என்பாரும் உளர். அது மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த மரம். அங்கே அதன் விதையையும் பட்டையையும் எலிக்கு நஞ்சாக வைத்தனர்; எலியைக் கொல்வது என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லே அதன் பெயராயிற்று. இலங்கையில் அது தேயிலைக்கு நிழலாக நின்றது, மிளகுக்கொடிக்குக் கொழுகொம்பாயிற்று, இன்று தென்னந்தோட்டங்களில் ஊடுபயிராக நடப்பட்டு, அதன் குழை தென்னைக்குப் பசளையாகின்றது. எலிக்குப் பகையான மரம் நிலத்துக்கு உறவாயிற்று.

நம்மைச் சூழ்ந்துள்ள காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைதரசன். ஆயினும் எந்தப் பயிரும் அதனை நேரே உட்கொள்ள வல்லதன்று. கடலின் நடுவே தாகத்தால் வாடும் மாலுமியைப் போலவே பயிர் நிற்கின்றது. 1886 ஆம் ஆண்டில் செருமானிய அறிஞரான எல்றீகல் என்பவர், தம் துணைவர் வில்பாத் என்பவருடன் செய்த ஆராய்ச்சியின் முடிவை வெளியிட்டார். அவரைக் குடும்பச் செடிகளின் வேரிற் காணப்படும் சிறு கணுக்களில் வாழும் நுண்ணுயிர்களே காற்றிலுள்ள நைதரசனைப் பற்றிப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன என்பது அம்முடிவு. இரண்டாண்டுகளின் பின் ஒல்லாந்தரான பைஜரிங்கு அவ்வுயிரைத் தனியே பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டினார். செடி அவ்வுயிருக்கு வெல்லத்தைக் கொடுக்கின்றது. அவ்வுயிர் செடிக்குத் தழைச்சத்தைக் கொடுக்கின்றது. இப்பண்டமாற்று நடைபெறுவதை அறியாமலே பழைய உரோமாபுரியின் உழவரும் நம் முன்னோரும் அதன் பயனை அனுபவித்தனர். உரோமர் அவரையினச் செடிகளை மண்ணை வளப்படுத்துவன என்று எழுதி வைத்தனர்.

மாணவர்கள் இதனைத் தம் கண்ணாலே காணலாம். பயற்றஞ்செடி ஒன்றையோ சணற் செடி ஒன்றையோ நட்ட ஒரு மாதத்தின் பின் வேர் அறாதவாறு மண்ணோடு தோண்டி எடுத்து, வாளி நீரில் மெல்ல அலசுங்கள். வேரிலே கடுகளவும் அதனிற் பெரியனவுமான கணுக்கள் தோன்றும். ஒன்றை நகத்தால் இரண்டாகப் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்துகொண்டிருக்கின்றது என்று பொருள். நமது குருதிக்குச் செந்நிறம் தரும் பொருளின் உறவான ஒன்றே அந்நிறத்துக்குக் காரணம். பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. ஓர் எச்சரிக்கை: தக்காளி, கத்தரி வேர்களிலும் முடிச்சுகள் காணப்படுவதுண்டு. அவை நன்மை செய்வன அல்ல. கண்ணுக்குத் தெரியாத வட்டப்புழு புகுந்ததால் வேரே வீங்கி உண்டானவை. நற்கணு விரலால் தட்டினாற் கழன்று விழும். நோய் முடிச்சு வேரோடு ஒன்றியிருக்கும், கழலாது. தோட்டத்தில் அத்தகைய நோய் இருப்பின் ஒரு போகம் சணல் விதைத்தல் நல்ல மருந்து. அப்புழு சணல் வேரிற் பெருகமாட்டாது.

இனி, வீட்டுத் தோட்டத்தில் இதனைச் செய்யும் முறையைக் கூறுவோம். கூறுமுன் நாம் செய்த பிழை ஒன்றை ஒப்புக்கொள்வது முறை.

சில ஆண்டுகளுக்கு முன் கிணற்றடியில் இரண்டு பாத்தி பிடித்துக் கத்தரி வைக்க எண்ணினோம். முன்னோர் ஓலை தாட்டனர் என்று கேட்டிருந்தோமன்றோ? பழைய வேலியிலிருந்து கழித்த காய்ந்த ஓலையைத் துண்டு துண்டாகத் தறித்து, கிடைத்த வைக்கோலையும் கலந்து, பாத்தி நிறையத் தாட்டுவிட்டு, ஒரு கிழமைக்குள் கன்றுகளை நட்டோம். நீரும் குறைவின்றி இறைத்தோம். பத்தாம் நாளிலிருந்து கன்றுகள் வெளிறத் தொடங்கின. அடியிலை மஞ்சளாயிற்று; புதிய இலை சிறுத்தது. இயற்கைப் பசளை என்பதெல்லாம் வெறும் பேச்சு என்று மனம் சலித்தோம். அவ்வேளையிற் பக்கத்து வளவுப் பெரியவர் படலையருகே வந்து நின்று பார்த்தார். அவர் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கிற் புகையிலைக் கன்று வைத்தவர்.

“தம்பி, காய்ஞ்ச ஓலையைத் தாட்ட கையோடை கன்று வைச்சால், மண்ணுக்கும் கன்றுக்கும் சண்டைதான் வரும்” என்றார்.

“நீங்களும் ஓலைதானே ஐயா தாட்டனீங்கள்?” என்று கேட்டோம்.

“தாட்டது ஆவணியிலை. கன்று வைச்சது கார்த்திகையிலை” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அவர் சொன்னதன் விளக்கம் இதுவே. இலையை உக்கச் செய்யும் நுண்ணுயிர்களின் உடலில் நைதரசன் ஒரு பங்குக்குக் காபன் ஏறத்தாழ எட்டுப் பங்காக இருக்கின்றது. இளங்கிளிசரியா இலையில் நைதரசன் ஒன்றுக்குக் காபன் பன்னிரண்டு முதற் பதினைந்து வரையில் உண்டு. அதைத் தின்னும் உயிர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிகுதியை மண்ணில் விடுகின்றது. பயிர் அதனை உண்கின்றது. வைக்கோலிலோ காபன் எண்பது பங்கு வரையில் இருக்கும். அதனைத் தின்னப் புகுந்த நுண்ணுயிர்களுக்கு அதிலுள்ள நைதரசன் போதாது. ஆகையால் மண்ணில் ஏற்கெனவே இருந்ததையும் அவை கவர்ந்துகொள்கின்றன. கன்றுக்கு ஒன்றும் எஞ்சுவதில்லை. ஓலையும் வைக்கோலைப் போன்றதே. சில மாதங்கள் சென்று, காபன் குறைந்து, அவ்வுயிர்களும் மடிந்த பின்னர், கவர்ந்தது அனைத்தும் திரும்பி வரும். பெரியவர் ஆவணிக்கும் கார்த்திகைக்கும் இடையே விட்ட மூன்று மாதம் இதற்காகவே. அவருக்குக் காபனும் நைதரசனும் தெரியா. ஆனால் கணக்குத் தெரியும்.

ஆகவே காய்ந்ததைத் தாட்பதாயின் நெடுநாள் முந்தித் தாட்கவேண்டும். அன்றேற் பயிர் வளர்ந்தபின் அதன் அடியில் மண்ணின்மேற் பரப்பிவிடவேண்டும். மேலே கிடக்கும் காய்ந்த ஓலை நீர் ஆவியாதலைத் தடுக்கும், களையை அடக்கும், மண்ணோடு சண்டையும் பிடிக்காது. பச்சைக் குழையாயின் இரண்டு மூன்று கிழமை இடைவெளி போதும். அதற்குள்ளும் நடுதல் கூடாது. குழை உக்கும்போது உண்டாகும் வெப்பமும் அமிலங்களும் இளவேரைக் கெடுக்கும்.

பத்தடி நீளமும் நான்கடி அகலமும் உள்ள பாத்திக்கு ஐந்து அல்லது ஆறு கிலோ பச்சை இலை அளவானது. பெரிய கடகமொன்று நிறைய அமுக்கி எடுத்தால் ஏறக்குறைய அவ்வளவு வரும். பெருவிரற் பருமனுக்கு மேற்பட்ட தடிகளை ஒதுக்கிவிடுங்கள். அவை அடுப்புக்கு ஆகும். இலையையும் இளந்தண்டையும் கத்தியால் ஒரு சாண் அளவாகத் தறித்து, நான்கு ஐந்து அங்குல ஆழத்தில் இட்டு மண்ணால் மூடவேண்டும். மூடாமல் வெயிலில் விடின் தழைச்சத்தில் ஒரு பங்கு காற்றோடு போகும். அதனினும் ஆழமாகக் குழி தோண்டிப் புதைப்போரும் உளர்; அது வேண்டாத உழைப்பு. காற்றுப் புகாத ஆழத்திற் குழை உக்காமல் அழுகும். மண் ஈரமாக இருத்தல் வேண்டும். கோடையில் உலர்ந்த மண்ணிற் புதைத்த குழை ஒரு மாதம் கழித்துத் தோண்டினாலும் வாடிய இலையாகவே வெளிவரும்.

வேலியில் குழை இல்லாதோர் பாத்தியிலேயே அதனை விளைவிக்கலாம். புரட்டாதியில் முதல் மழை கண்டதும் சணல் விதையை நெருக்கமாகத் தூவுங்கள். அது களையையும் நெருக்கிக்கொண்டு எழும். ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் மஞ்சட் பூ முகங்காட்டும். அன்றே வெட்டித் தாட்டுவிட வேண்டும். பூ அழகாயிருக்கின்றது, இன்னும் ஒரு கிழமை நிற்கட்டும் என்று இரங்குவோர் ஏமாறுவர். பூ முற்றிக் காய் பிடித்தால் இலையிலுள்ள சத்து விதைக்குப் போய்விடும், தண்டு நாராகிவிடும். சணற் கயிறு திரிப்பதற்கு அது நன்று, மண்ணுக்கு அன்று. கார்த்திகையில் தாட்டால் மார்கழியில் வெங்காயம் வைக்கப் பாத்தி ஆயத்தமாகும். மழை நீர் தேங்கி நிற்கும் தாழ்ந்த வளவாயிற் சணல் அழுகிப் போம். அங்கே தைஞ்சா விதையுங்கள். அது நீரிலே நின்று வளரும்.

வீட்டிற் சிறுவர் இருப்பின் அவர்களுக்கு ஒரு வேலை கொடுக்கலாம். பழைய நுளம்புவலைத் துண்டுகளால் மூன்று சிறு பைகள் தைத்து, ஒன்றிற் கிளிசரியா, ஒன்றிற் பூவரசு, ஒன்றிற் பனையோலை என ஒரே நிறையளவு இட்டு, கட்டி, பாத்தியிற் புதைக்கச் சொல்லுங்கள். கிழமைக்கு ஒரு முறை எடுத்து மண்ணை உதறி நிறுத்துக் குறித்து வரட்டும். விஞ்ஞானிகளும் ஆராய்ச்சி நிலையங்களில் இதே முறையையே கையாளுகின்றனர். கிளிசரியாப் பை ஒரு மாதத்துக்குள் பெரும்பகுதி வெறுமையாகிவிடும். ஓலைப் பை அடுத்த தவணைப் பரீட்சைக்கும் கிடக்கும்.

கணக்கு என்று வந்துவிட்டமையால் மற்றொரு கணக்கையும் பார்த்துவிடுவோம். பச்சைக் கிளிசரியா இலை நூறு கிலோவில் ஏறத்தாழ முக்காற் பங்கு நீர். எஞ்சிய உலர்பொருளில் நூற்றுக்கு மூன்று அல்லது சற்று மேற்பட்ட பங்கு நைதரசன். ஆகவே நூறு கிலோ பச்சை இலையில் ஏறக்குறைய 750 கிராம் தழைச்சத்து உண்டு. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசனாதலின், அது ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட யூரியாவுக்கு ஒப்பாகும். நூறு கிலோ குழை சுமந்து ஒன்றரைக் கிலோ யூரியாவா என்று சிலர் நகைக்கலாம். வீட்டு வளவுக்கு அதுவே போதும் என்பதும், குழையோடு பொற்றாசியமும் பிற சத்துகளும் உக்கலும் சேர்ந்து வருகின்றன என்பதும் நமது விடை. ஆனால் நகைப்பில் ஒரு நியாயமும் இருக்கின்றது. ஓர் எக்டேர் நெல்வயலுக்கு நூறு கிலோ நைதரசன் வேண்டுமாயின், அதனைக் குழையால் மட்டுமே கொடுப்பதற்குப் பதின்மூன்று தொன்னுக்கு மேல் இலை வெட்டிச் சுமக்கவேண்டும். அந்த இலைக்கு மரம் எங்கே? ஆள் எங்கே?

இக்கேள்வியைக் கேளாமல் ஒரு நாடு நடந்துகொண்டதன் பயனை நாம் அனைவரும் அனுபவித்தோம். இலங்கையில் 1962 ஆம் ஆண்டு முதல் பசளைக்கு மானியம் வழங்கப்பட்டது. 1970 களில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது வடக்கின் தோட்டங்கள் பொன் விளைந்தன. செயற்கைப் பசளையும் அளவின்றி இடப்பட்டது. 2005 இல் நெற்செய்கையாளருக்கு ஐம்பது கிலோ மூடை 350 ரூபாவுக்குக் கொடுக்கப்பட்டது. மலிவான மூடை வந்ததும் குழை தாழ்க்கும் கை ஓய்ந்தது. பின்னர் 2021 மே மாதத்தில் செயற்கைப் பசளை இறக்குமதி ஒரே வர்த்தமானியால் தடுக்கப்பட்டது. மரங்கள் நடப்படவில்லை, சணல் விதை சேர்க்கப்படவில்லை, கூட்டெரு போதிய அளவு ஆக்கப்படவில்லை. நெல்லும் தேயிலையும் வீழ்ந்தன. அரிசி இறக்குமதி செய்யப்பட்டது. நவம்பரில் தடை விலக்கப்பட்டது. இயற்கைப் பசளை தோற்றது என்று அன்று பலர் கூறினர். நமது எண்ணம் அதுவன்று. கதியால் நட்டு ஓராண்டேனும் செல்லாமற் குழை வெட்ட இயலாது என்னும் எளிய செய்தியை எவரும் கருதவில்லை.

வடக்கில் வாழ்ந்தோருக்கு இதனோடு ஒப்பிடத்தக்க வேறோர் அனுபவமும் உண்டு. 1990 இன் பின் யுத்த காலப் பொருளாதாரத் தடையின்போது யூரியா யாழ்ப்பாணத்துக்கு வருதல் தடுக்கப்பட்டிருந்தது. அப்போது மக்கள் மறந்திருந்த குழையையும் எருவையும் மீண்டும் நாடினர். துன்பம் மிகுந்த காலம் அது. அதனைப் புகழ்ந்துரைப்பது நமது நோக்கமன்று. ஆனால் அன்று வேலிகள் இருந்தன. இன்று வளவுகளைச் சுற்றி மதில் எழுகின்றது. மதிலுக்குக் குழை இல்லை.

இனி, கீழே போன யூரியா எங்கே போகின்றது என்று முன்னர் கேட்டதற்கு வருவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழைநீர் செம்மண்ணூடே இறங்கி, அடியிலுள்ள சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கி, நம் கிணறுகளில் ஊறுகின்றது. பயிர் உண்ணாத நைதரசன் நைத்திரேற்றாக மாறி அந்நீரோடு இறங்குகின்றது. குடிநீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. தோட்டச் செய்கை மிகுந்த ஊர்களின் கிணறுகள் பலவற்றில் இவ்வளவு தாண்டியிருந்தமையை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. அந்நீரிற் பால்மா கரைத்து ஊட்டப்படும் கைக்குழந்தைகளுக்கே பெருந்தீங்கு. குருதி உயிர்வாயுவைச் சுமக்கும் வலிமை குன்றி, உதடும் நகமும் நீலம் பாய்தல் கூடும். நீரைக் கொதிக்க வைத்தால் இத்தீங்கு நீங்கும் என்று தாய்மார் பலர் எண்ணுகின்றனர். நீங்காது, நீர் வற்ற வற்ற நைத்திரேற்று மேலும் செறியும். தோட்டங்களின் நடுவே கிணறு உடையோர் நீரை ஒரு முறையேனும் சோதிப்பித்தல் நன்று.

இவ்விடத்திலே ஓர் உண்மையை மறைத்தலாகாது. குழையிலிருந்து வெளிப்படும் நைதரசனும் இறுதியில் நைத்திரேற்றாகவே மாறுகின்றது. அளவுக்கு மிஞ்சிக் குழையும் எருவும் கொட்டிவிட்டு மழைக்கு விட்டால் அதுவும் கிணற்றுக்கே போகும். இயற்கைப் பொருளாயிற்றே, எவ்வளவு இட்டாலென்ன என்பார் சொல்லை நாம் ஏற்கமாட்டோம். குழையின் சிறப்பு, அது சிறிது சிறிதாகக் கொடுப்பதும், மண்ணை நீர் பிடித்து வைக்கும் தன்மையதாக்குவதுமாம். அடைமழைக்கு முன் வெறும் நிலமாக விடாமற் சணல் விதைத்தால், மண்ணில் எஞ்சிய நைத்திரேற்றை அச்செடி உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கிணற்றைக் காப்பதற்கு இதனினும் மலிவான வழி நாம் அறிந்தவரை இல்லை.

மணிச்சத்தைப் பற்றி ஒரு சொல். இலைகள் பொசுபரசைப் புதிதாக உண்டாக்க வல்லன அல்ல. நமது சுண்ணாம்பு கலந்த மண் இட்ட பொசுபரசையும் இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்பினது. உக்கும் குழையிலிருந்து வரும் அமிலம் அதிற் சிறிதை விடுவிக்கும். ஆனால் காய்கறியாக ஆண்டுதோறும் வெளியே போவதை அது ஈடுசெய்யாது. ஆட்டெரு, கோழியெரு முதலியவற்றையும் சேர்த்தே இடல் வேண்டும். தேவை ஏற்படின் அளவாகச் செயற்கைப் பசளை இடுவதையும் நாம் குற்றமெனக் கொள்ளோம்.

எந்தச் செடியையும் எடுத்துத் தாட்கலாம் என்பதும் இல்லை. பாதீனியத்தை வெறுங்கையால் தொடல் ஆகாது. தோலைப் புண்ணாக்கும், மூச்சிரைப்பும் தரும். அது பூத்த பின் பாத்திக்குட் புகுந்தால் அவ்வாண்டு முழுதும் களை பிடுங்குவதே வேலையாகும். இப்பிலிப்பிலும் விதை முற்றவிட்டால் வளவெங்கும் முளைக்கும், காய்க்குமுன் வெட்டிவிடுங்கள்.

புதிதாக வேலி வைப்போர் ஐப்பசி மழையோடு தொடங்கலாம். கைம்மணிக்கட்டுப் பருமனும் ஐந்தாறு அடி நீளமும் உள்ள முற்றிய கிளிசரியாக் கதியால்களைத் தெரிந்து, அடிமுனையைச் சரிவாக வெட்டி, அலவாங்காற் குழியிட்டு ஓரடி ஆழத்தில் நட்டு, சுற்றிலும் மண்ணை இறுக மிதிக்கவேண்டும். மேல் முனையில் சாணம் அப்பிவிடுவது கதியால் காய்ந்து போவதைத் தடுக்கும். முதலாண்டிற் கத்தி வைக்காதீர்கள். இரண்டாம் ஆண்டிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை குழை வெட்டலாம். கோடையின் உச்சியில் மாத்திரம் விட்டுவிடுங்கள்.

நமது வேலிக்கு இப்போது ஒரு பங்காளரும் வந்து சேர்ந்திருக்கின்றார். ஒழுங்கைக் கோடியில் நான்கு ஆடு வளர்க்கும் ஆச்சி, நாம் கொக்கத்தடி எடுக்கும் நாளை எவ்வாறோ அறிந்து படலையில் வந்து நிற்பார். மண்ணுக்கா ஆட்டுக்கா என்று முதலிற் சிறிது பிணக்கு உண்டாயிற்று. இப்போது குழையிற் பாதியை அவர் கட்டித் தூக்கிச் செல்கின்றார். சனிக்கிழமை தோறும் ஒரு சாக்கு ஆட்டுப் புழுக்கை கத்தரிப் பாத்தியருகே கிடக்கின்றது.